எட்டு மில்லியன் பவுண்டு வரியும் ஒரு பழைய மாளிகையும்: கால்க் அபேயின் கதை

1981இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில், தன் நிலத்தில் அகழெலிகளுக்குப் பொறி வைத்துக்கொண்டிருந்தபோது சார்லஸ் ஹார்ப்பர்-குரூ திடீரென இறந்துபோனார். மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை. கால்க் அபே என்ற மாளிகையும் அதைச் சுற்றியிருந்த மான் பூங்காவும் பல ஆயிரம் ஏக்கர் குத்தகை நிலமும் தம்பி ஹென்றியின் கைக்கு வந்தன. கூடவே வரிச்சீட்டும் வந்தது. சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 14 மில்லியன் பவுண்டு, அரசுக்குக் கட்ட வேண்டிய வரி ஏறத்தாழ 8 மில்லியன். கட்டத் தாமதமான ஒவ்வொரு நாளும் வட்டி ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது.

இப்படி வரிச்சீட்டு வந்த மாளிகைகள் பொதுவாக எப்படி முடிந்தன என்பது இங்கிலாந்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாமான்கள் ஏலத்துக்குப் போகும், நிலம் துண்டுதுண்டாக விற்கப்படும், கட்டடம் பள்ளியாகவோ விடுதியாகவோ மாறும். யாருக்கும் வேண்டாமென்றால் இடிக்கப்படும். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இடிக்கப்பட்ட பெரிய வீடுகள் ஆயிரத்துக்கும் மேல். 1955 வாக்கில் ஐந்து நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் அவை மறைந்துகொண்டிருந்தன. கால்க் அபே அந்தக் கணக்கில் சேரவில்லை. நான்கு ஆண்டு இழுபறிக்குப் பிறகு முழு வீடும், அதற்குள் இருந்த ஒவ்வொரு உடைந்த நாற்காலியோடும் பொதுச்சொத்தானது. அது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டுமானால், காப்பாற்றத் தக்கதாக அந்த வீட்டுக்குள் என்ன மிஞ்சியிருந்தது, அது ஏன் மிஞ்சியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மடத்திலிருந்து மாளிகைக்கு

பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செஸ்டர் பிரபு அங்கே அகஸ்டீனியத் துறவியருக்கு ஒரு சிறிய மடம் அமைத்துக் கொடுத்தார். 1172இல் துறவியரின் தலைமையிடம் பக்கத்திலிருந்த ரெப்டனுக்கு மாறியது. கால்க் அதன் கிளையாகச் சுருங்கிப்போனது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைக்கத் தொடங்கியபோது ரெப்டன் மடத்தார் முந்திக்கொண்டார்கள். 1537இல் ஜான் பிரெஸ்ட் என்ற லண்டன் மளிகை வணிகருக்குக் கால்க்கை 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதன் பின் அது சிலர் கை மாறியது. அவர்களில் ராபர்ட் பெயின்பிரிட்ஜ் என்பவர் டார்பி நகரின் நாடாளுமன்ற உறுப்பினர், தீவிர பியூரிட்டன், அதாவது கண்டிப்பான புராட்டஸ்டண்ட். முதலாம் எலிசபெத்தின் மதக் கொள்கையை ஏற்காததால் லண்டன் டவர் சிறைக்குப் போனவர்.

1622இல் கால்க்கை வாங்கிய ஹென்றி ஹார்ப்பரின் குடும்பம் வாளால் அல்ல, வழக்கால் வளர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் நீதிபதியாக இருந்த ரிச்சர்ட் ஹார்ப்பர் சட்டத்தில் சம்பாதித்ததை நிலத்தில் போட்டார். மனைவி ஜேன் ஃபிண்டர்ன் வழியாகவும் நிலம் சேர்ந்தது. ஹென்றிக்கு 1626இல் பாரனெட் பட்டம் கிடைத்தது. தந்தைக்குப் பின் மூத்த மகன் என்று வழிவழியாக இறங்கும் பட்டம் அது. ஆனால் பிரபுக்கள் சபையில் இருக்கை தராது. பணமும் நிலமும் ஏராளம், அதிகார வட்டத்தில் இடமோ சுமார்தான் என்ற இந்த நிலை ஹார்ப்பர்களோடு கடைசிவரை இருந்தது. பின்னால் வந்த ஒருவரை இது ஆட்டிப்படைக்கவும் செய்தது.

இன்று நாம் பார்க்கும் வீடு நான்காம் பாரனெட் சர் ஜான் ஹார்ப்பர் 1701 முதல் 1704 வரை கட்டியது. சாம்பல் நிறக் கல், கனமான நான்கு முகங்கள், மூலைகளில் முன்னோக்கித் தள்ளி நிற்கும் பகுதிகள். பழையதைத் தரைமட்டமாக்கிவிட்டுக் கட்டவில்லை. எலிசபெத் காலத்து வீட்டைச் சுற்றிப் புதிய வீட்டைப் போர்த்தினார்கள். அதனால் உள்முற்றத்தில் நின்றால் பழைய சுவர்களின் துண்டுகள் கண்ணில் படும். எதையும் முழுசாகக் கழித்துவிடாத வழக்கம் இந்த வீட்டில் அப்போதே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

ஒதுங்கி வாழ்ந்தவர்கள்

கால்க்கின் கதையில் எல்லோரும் முதலில் சொல்வது ஏழாம் பாரனெட் சர் ஹென்றியைப் பற்றித்தான் (1763–1819). 1792இல் அவர் நானெட் ஹாக்கின்ஸ் என்ற பெண்ணை மணந்தார். அவர் ஒரு சீமாட்டியின் பணிப்பெண்ணாக இருந்தவர். அக்கம்பக்கத்துப் பெரிய குடும்பங்கள் இதை ஏற்கவில்லை, அழைப்புகள் நின்றன. சர் ஹென்றியும் யாரையும் தேடிப் போகவில்லை. தனியாகச் சாப்பிட்டார். வேலைக்காரர்களோடு நேரில் பேசாமல் சீட்டு எழுதி அனுப்பினார். 'ஒதுங்கிய பாரனெட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் அவரைக் கிறுக்கர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது அநியாயம். 1790களில் பிரெஞ்சுப் போர்க் காலத்தில் டார்பிஷயர் குதிரைப்படைக்காக அவர் கேட்டு வாங்கிய இரண்டு அணிவகுப்பு இசைகள் இன்றும் இருக்கின்றன. எழுதியவர் அப்போது லண்டனுக்கு வந்திருந்த ஜோசப் ஹைடன். ஐரோப்பாவின் ஆகப் பெரிய இசையமைப்பாளரிடம் தன் ஊர்ப் படைக்கு இசை கேட்ட மனிதர் உலகத்தையே வெறுத்தவராக இருந்திருக்க முடியாது. பட்டத்தின் மேலும் அவருக்குத் தீராத ஏக்கம் இருந்தது. முன்னோர் வழியில் அற்றுப்போயிருந்த குரூ பிரபுப் பட்டத்தைத் தனக்கு மீட்டெடுக்க முயன்றார். அதற்கு வழிகோலத்தான் 1808இல் தன் பெயரைக் குரூ என்று மாற்றிக்கொண்டார். பட்டம் கிடைக்கவில்லை. வீட்டின் முகப்பில் பெரிய தூண் மண்டபம் எழுந்ததும், மடத்தின் நினைவாக 'அபே' என்ற பெயரை வீட்டுக்குச் சூட்டியதும் இதே ஆண்டுகளில்தான். ஊரார் வராத வீட்டுக்கு இத்தனை பெரிய வாசல். அதில் தெரிவது கூச்சமும், தன்னை மதிக்க வேண்டும் என்ற வேட்கையும் ஒரே ஆளுக்குள் பட்ட பாடுதான். 1819இல் வண்டியோட்டியின் இருக்கையிலிருந்து விழுந்து இறந்தார்.

மகன் சர் ஜார்ஜ் குரூ வேறு மாதிரி. ஆழ்ந்த பக்தி, கடமையுணர்வு. தெற்கு டார்பிஷயரின் நாடாளுமன்ற உறுப்பினராக 1835 முதல் 1841 வரை இருந்தார். பூங்காவுக்குள் இருந்த புனித கைல்ஸ் தேவாலயத்தைத் திரும்பக் கட்டினார். ஆனால் லண்டன் அரசியல் அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்து வந்த சர் ஜான் அதைவிட அமைதியானவர். கால்நடை வளர்ப்பும் பதப்படுத்திய விலங்குகளைச் சேகரிப்பதும்தான் அவருடைய வாழ்க்கை. நீண்ட கொம்புகள் கொண்ட மாடுகளின் தலைகள் இன்றும் நுழைவுக்கூடத்துச் சுவர்களிலிருந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

சேகரிக்கும் ஆசை உச்சத்துக்குப் போனது பத்தாம் பாரனெட் சர் வான்ஸியிடம். 1886 முதல் 1924 வரை, 38 ஆண்டுகள், வீடு அவர் கையில் இருந்தது. பதப்படுத்திய பறவைகள், முட்டைகள், பட்டாம்பூச்சிகள், கற்கள் என்று அறை அறையாக நிரப்பினார். ஓர் அறை நிரம்பினால் கதவைச் சாத்திவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். அவருக்கு நெருங்கிய துணை தலைமை வேட்டைக் காவலர் அகாதோஸ் பெக். மனைவி மக்களைவிட அவரோடுதான் அதிக நேரம் கழிந்தது. பெற்ற பிள்ளைகளிடம்கூட வேலைக்காரர் கையில் சீட்டு கொடுத்தனுப்பித்தான் பேசினார். ஒரு மகள் சிகரெட் பிடித்தது தெரிந்ததும் அவரை வீட்டை விட்டே அனுப்பிவிட்டார். எஸ்டேட்டுக்குள் மோட்டார் வண்டி வரக் கூடாது. விருந்தாளிகள் காரை வாசலில் நிறுத்திவிட்டுக் குதிரை வண்டியில்தான் உள்ளே வரலாம். மின்சாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கால்க் அபேக்கு மின் இணைப்பு வந்தது 1962இல்.

இந்தத் தனிமையை ரசித்து எழுதும் கட்டுரைகள் நிறைய உண்டு. அவற்றில் விடுபட்டுப்போகும் ஒன்றை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கால்க் தோட்டத்தில் நிலத்தடியில் ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது. தோட்டக்காரர்கள் வேலைக்கு வந்து போவது குடும்பத்தார் கண்ணில் படக் கூடாது என்பதற்காகக் கட்டியது. வீட்டுக்கும் பீர் வடிக்கும் கட்டடத்துக்கும் நடுவே இன்னொரு சுரங்கம். நாலு தலைமுறை ஒதுங்கி வாழ முடிந்தது என்றால், அந்த ஒதுக்கத்தைத் தாங்கிப் பிடித்தவை டார்பிஷயரிலும் ஸ்டஃபோர்ட்ஷயரிலும் குத்தகைக்காரர்கள் கட்டிய வாடகையும், அந்தச் சுரங்கத்தில் குனிந்து நடந்தவர்களின் உழைப்பும். சீட்டு எழுதியவர் கதை நமக்குத் தெரிகிறது. அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறி இறங்கியவர்களின் பெயர்கள் சம்பளப் புத்தகங்களில்தான் கிடக்கின்றன.

எதுவும் போகாத வீடு

மற்ற மாளிகைகளில் ஏன் எல்லாம் மாறிப்போனது? ஒவ்வொரு தலைமுறையும் விருந்து வைத்தது. விருந்தாளி முன் பழைய நாற்காலியைப் போட முடியாது; அதனால் புதுச் சாமான் வந்தது, பழையது விற்பனைக்குப் போனது. இன்னொரு வகை வீடுகளில் சூதாட்டக் கடனோ தேர்தல் செலவோ ஓவியங்களை விழுங்கியது. கால்க்கில் இந்த இரண்டும் இல்லை. விருந்து இல்லாததால் புதுப்பிக்கும் அவசியம் வரவில்லை. வாடகை தவறாமல் வந்ததால், வரி வந்து அடிக்கும்வரை விற்கும் அவசியமும் வரவில்லை. பெரிய வீடு, சிறிய குடும்பம் என்பதால் இடத்துக்கும் பஞ்சமில்லை. குழந்தைகளின் பொம்மைகள், கிழிந்த குடைகள், காலாவதியான கணப்புச் சாதனங்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. பெரிய சமையலறை 1920களில் கைவிடப்பட்டு அடுப்போடும் மேசையோடும் மூடப்பட்டது.

இதன் உச்சமான சான்று ஒரு கட்டில். 1734இல் ஐந்தாம் பாரனெட் சர் ஹென்றி, ரட்லண்ட் டியூக்கின் குடும்பத்துப் பெண்ணான லேடி கரோலின் மேனர்ஸை மணந்தார். அதே ஆண்டில் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகள் ஆன் இளவரசிக்கும் ஆரஞ்ச் இளவரசருக்கும் திருமணம். கரோலின் மணத் தோழியரில் ஒருவர். அந்த வழியில் பரிசாக வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிற அரசவைக் கட்டிலின் திரைச்சீலைகள் சீனப் பட்டு. டிராகன்களும் பறவைகளும் மலர்களும் பூவேலையாக நிறைந்தவை. இப்படிப்பட்ட துணிகள் வெயிலில் சில பத்தாண்டுகளில் வெளுத்துவிடும். கால்க்கில் அவற்றைத் தொங்கவிடவே இல்லை. பெட்டிகளில் வைத்து மறந்துவிட்டார்கள். 1980களில் திறந்தபோது நெய்த நாளின் நிறம் அப்படியே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுச் சீனப் பட்டு உண்மையில் என்ன நீலம், என்ன சிவப்பு என்று கண்ணால் அறிய உலகில் இருக்கிற மிகச் சில வாய்ப்புகளில் இது ஒன்று. இன்று கண்ணாடிக்குப் பின்னால், மங்கிய வெளிச்சத்தில் நிற்கிறது.

வரி என்ற புயல்

பிரிட்டனில் 1894இல் நிதியமைச்சர் சர் வில்லியம் ஹார்கோர்ட் வாரிசுச் சொத்து வரியைக் கொண்டுவந்தபோது மிகப் பெரிய சொத்துகளுக்கே 8 சதவீதம்தான். முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் உச்ச விகிதம் 40 ஆனது. 1949இல் 80. கால்க்கை இந்த அலை மூன்று முறை அடித்தது.

முதல் அடி 1924இல். சர் வான்ஸியின் ஒரே மகன் ரிச்சர்ட் 1921இலேயே இறந்துவிட்டதால் பாரனெட் பட்டம் அற்றுப்போனது. சொத்து மூத்த மகள் ஹில்டா மோஸ்லிக்கு வந்தது. அப்பா வாழ்நாளெல்லாம் சேர்த்த பறவைகளிலும் முட்டைகளிலும் பட்டாம்பூச்சிகளிலும் பெரும் பகுதியை விற்று அவர் வரி கட்டினார். அப்படி விற்ற பின்னும் ஆயிரக்கணக்கில் மிஞ்சின. இரண்டாவது அடி 1949இல், ஹில்டா இறந்தபோது. பிள்ளையில்லாத அவருக்குப் பின் சகோதரியின் மகன் சார்லஸ் ஜென்னி வந்தார். பின்னாளில் அவர் குடும்பப் பெயரான ஹார்ப்பர்-குரூவை ஏற்றுக்கொண்டார். இருக்கிற அறைகளில் சிலவற்றை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, கூரை ஒழுகுவதைப் பார்த்தபடியே அமைதியாக வாழ்ந்தார். மூன்றாவது அடி 1981. அதைத் தாங்க வீட்டுக்குள் விற்கத்தக்கது எதுவும் போதாது. மொத்தத்தையும் விற்க வேண்டும், அல்லது மொத்தத்தையும் கொடுக்க வேண்டும்.

ஹென்றி கொடுக்கத் தயாராக இருந்தார். வரிக்கு ஈடாக வீட்டையும் பூங்காவையும் சாமான்களையும் அரசு எடுத்துக்கொண்டு, பழைய கட்டடங்களைக் காக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் ஒப்படைக்கட்டும் என்றார். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. ஆனால் பிரச்சினை வேறொரு மூலையில் இருந்தது. நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பு நிதியில்லாமல் எந்த வீட்டையும் ஏற்காது. நிதியில்லாத மாளிகை பிற சொத்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும் என்று அனுபவத்தில் படித்திருந்தது. வாடகை தரும் பண்ணை நிலத்தையும் சேர்த்துக் கொடுக்கிறேன், அந்த வருமானம் வீட்டைக் காக்கும் என்றார் ஹென்றி. கருவூலம் மறுத்தது. சிறப்பு மரபு மதிப்புள்ளதை மட்டுமே வரிக்கு ஈடாக ஏற்க முடியும்; சாதாரணப் பண்ணை நிலத்துக்கு அந்த மதிப்பு இல்லை. தனியாகப் பார்த்தால் மூன்று தரப்பின் வாதமும் நியாயமானதுதான். மூன்றும் சேர்ந்தபோது யாராலும் நகர முடியவில்லை, வட்டி மட்டும் நாள்தோறும் நகர்ந்தது.

இங்கே 1977இன் ஒரு காயம் உதவியது. பக்கிங்ஹாம்ஷயரில் ராத்ஸ்சைல்டு குடும்பம் கட்டிய மென்ட்மோர் மாளிகையை அதன் பொருள்களோடு 2 மில்லியன் பவுண்டுக்கு அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று வாரிசுகள் கேட்டார்கள். அரசு தயங்கியது. பொருள்கள் ஏலத்தில் 6 மில்லியனுக்கு மேல் போய் உலகெங்கும் சிதறின. அந்த அவமானத்தின் விளைவாக 1980இல் தேசிய மரபு நினைவு நிதி என்ற அமைப்பு உருவானது. மரபுக் கட்டடங்களுக்காகப் போராடும் சேவ் அமைப்பும் பத்திரிகைகளும் கால்க் இன்னொரு மென்ட்மோர் ஆகிவிடக் கூடாது என்று விடாமல் குரல் கொடுத்தன. 1984 மார்ச்சில் நிதியமைச்சர் நைஜல் லாசன் தன் பட்ஜெட் உரையிலேயே கால்க்கின் பெயரைச் சொல்லி, மரபு நிதிக்கு 4.5 மில்லியன் பவுண்டு ஒதுக்கினார். பராமரிப்பு நிதிக்கு வழி பிறந்தது, முடிச்சு அவிழ்ந்தது. 1985இல் வீடு நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. ஹென்றிக்கு வீட்டின் ஒரு பகுதியில் குடியிருக்கும் உரிமை கிடைத்தது. 1991இல் அவர் இறந்தார். குடும்பத்தின் மேட்டுநிலமான வார்ஸ்லோ மூர்ஸ் வரிக் கணக்கில் தனியே போய் 1986இல் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் பொறுப்பில் சேர்ந்தது. பண்ணை நிலத்துக்கு மதிப்பில்லை என்று சொன்ன அதே கணக்குப் புத்தகத்தில், காட்டுப் புல்வெளிக்கு மதிப்பு இருந்தது.

பழுது பார்க்கலாம், புதுப்பிக்கக் கூடாது

கைக்கு வந்த பிறகுதான் உண்மையான கேள்வி எழுந்தது. நேஷனல் டிரஸ்ட் அதுவரை செய்துவந்தது, வீட்டை அதன் பொற்காலத்துக்குத் திருப்புவது. சுவருக்குப் புது வண்ணம், திரைக்குப் புதுத் துணி, பொருத்தமில்லாத சாமானுக்கு விடை. கால்க்கில் பொற்காலம் என்று எதைச் சொல்வது? 1704ஆ? 1841இல் சர் ஜார்ஜ் மாற்றியமைத்த மேல்மாடிக் கூடமா? சர் வான்ஸியின் பறவைச் சேகரிப்பா? எதைத் தேர்ந்தாலும் மற்றவற்றை அழிக்க வேண்டும்.

அவர்கள் எடுத்த முடிவு அதற்கு முன் இவ்வளவு பெரிய வீட்டில் துணிந்து செய்யப்படாதது: 1980களில் கிடைத்த நிலையிலேயே நிறுத்துவது. ஒழுகும் கூரையைச் சரிசெய்தார்கள், உளுத்த மரத்தை மாற்றினார்கள். ஆனால் உரிந்த சுவர்த்தாள் உரிந்தபடியே இருக்கும். வெளுத்த இடம் வெளுத்தபடியே இருக்கும். ஒவ்வொரு பொருளும் எங்கே, எதன் மேல், எந்தக் கோணத்தில் கிடந்தது என்று பதிவுசெய்து வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் அதே இடத்தில் வைத்தார்கள். கட்டிலின் மேல் குவிந்திருந்த பழைய சாமான் திரும்பக் கட்டிலின் மேலேயே குவிந்தது. 1989இல் மக்களுக்குத் திறந்தார்கள்.

இதை எதிர்த்துச் சொல்பவர்கள் உண்டு. சிதைவு நடந்துகொண்டே இருக்கும் ஒன்று. அதை ஒரு நாளில் நிறுத்துவதும் ஒரு வகைப் புனைவுதான், உரிந்த தாளை மேலும் உரியாமல் ஒட்டிவைப்பது புதுத் தாள் ஒட்டுவதைவிடச் செலவானது என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனாலும் அந்த முடிவு சரியானது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். புதுப்பித்த மாளிகை உரிமையாளர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதை மட்டும் சொல்லும். கால்க் அந்த வர்க்கம் எப்படிக் கரைந்தது என்பதைச் சொல்கிறது: அறை அறையாகப் பின்வாங்கியது, ஆள் குறைந்தது, சமையலறைக்குப் பூட்டு விழுந்தது. இங்கிலாந்து மாளிகைகளின் இருபதாம் நூற்றாண்டை அப்படியே வைத்துக் காட்டும் இடம் வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இல்லை.

வெளியே மான் பூங்கா தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. யாரும் வெட்டாமல் விட்ட பழைய ஓக் மரங்களும், அவற்றின் மட்கிய கட்டையில் வாழும் வண்டுகளும்தான் அதற்குக் காரணம். ஆயிரம் வயதுக்கு மேல் இருக்கும் என்று கருதப்படுகிற ஓர் ஓக் மரமும் அங்கே உண்டு. வீட்டுக்குள் நடந்ததுதான் வெளியிலும் நடந்திருக்கிறது.

கால்க்கில் கிடைத்த வழியை அடுத்தடுத்த வழக்குகள் பின்பற்றின. 1985இல் அதே மரபு நிதிக்கு அரசு 25 மில்லியன் பவுண்டு கூடுதலாகக் கொடுத்தது. டார்பிஷயரின் கெடல்ஸ்டன் ஹால், யார்க்ஷயரின் நாஸ்டல் பிரயரியில் இருந்த, பதினெட்டாம் நூற்றாண்டு மரவேலைக் கலைஞர் சிப்பண்டேலின் மரச்சாமான்கள், ஷ்ராப்ஷயர் எல்லையில் உள்ள வெஸ்டன் பார்க் ஆகிய மூன்றும் சிதறாமல் நின்றது அந்தப் பணத்தால்.